பத்தாயிரம் அடிக்கு மேலே

மினியாபொலிஸிலிருந்து மைனாட்டுக்கு எழுபத்தெட்டு நிமிடம்.
அதில் பேசக் கிடைப்பது ஐம்பது.
பத்தாயிரம் அடிக்குக் கீழே
விமானத்தைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பது விதி.
அதனால் சங்கத்தைப் பற்றிய எங்கள் சண்டை
மேகத்துக்கு மேலேதான் நடக்கும்.

"பெரிய சங்கத்துக்குப் போடாதே, பெர்கிட்,"
காபி மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிறார்
கேப்டன் ஹாஃப்ஸ்டாட்.
"அங்கே பல ஆயிரம் பேர். நாம் நானூற்றுப் பதினேழு.
நமக்குக் கடைசிப் பந்திதான்."

அப்படியென்றால் சின்னதா?
அதன் தலைவன் கெல்லன் ட்ரோஸ்ட்
போன குளிர்காலம் வரை
என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் குறட்டை விட்டவன்.
மாமியார் வீட்டுக் கார் ஷெட்டில் அலுவலகம்.
இரண்டு மேசை,
தாளைத் தின்றுவிடும் ஒரு பிரிண்டர்.
"நல்ல பையன். ஆனால்
கம்பெனி வக்கீல்களுக்கு முன்னால்
நல்ல பையன் எத்தனை நிமிடம் தாங்குவான்?"

சீட்டில் மூன்றாவது கட்டமும் இருக்கிறது:
எதுவும் வேண்டாம்.
அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

இன்று காலை மைனஸ் இருபத்தாறு.
டார்ச்சோடு விமானத்தைச் சுற்றி வந்தேன்,
டயர், சிறகின் விளிம்பு, எஞ்சின் வாய்.
எல்லாம் இலவசம்.
கதவைச் சாத்தி பிரேக்கை விட்டால்தான்
எங்கள் சம்பளக் கடிகாரம் நகரும்.
ஜன்னலோர இருக்கையிலிருந்து ஒரு சிறுமி
எனக்குக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.
அதுவும் இலவசம்.

இரண்டறை வீட்டில் ஒன்பது விமானிகள் நாங்கள்.
பால் டப்பாவில் பெயர் எழுதி வைப்போம்.
ஒருநாள் என் பெயரை யாரோ அடித்துவிட்டு
'பொது' என்று எழுதியிருந்தான்.
"இதுதான் நம் முதல் சங்கம்," என்றான் ஒஸ்வால்டோ
என் பாலைக் குடித்துக்கொண்டே.

மேகம் கிழிந்த இடத்தில்
பனி மூடிய பீட் வயல்கள்,
சர்க்கரை ஆலையின் ஒற்றைப் புகை.
"நான் முன்பு இருந்த கம்பெனியில்..." என்று தொடங்கினார்.
"பத்தாயிரம்," என்றேன்.
பாதி வாக்கியம் அவர் தொண்டையிலேயே நின்றது.

பிறகு எங்கள் மற்ற மொழி.
ஃபிளாப் ஒன்று. ஒன்று.
சக்கரம். மூன்றும் பச்சை.
இடமிருந்து பதினெட்டு நாட் காற்று,
மூக்கைச் சாய்த்துக்கொண்டே இறங்கினோம்.

பயணிகள் போய்விட்டார்கள்.
கடிகாரமும் நின்றுவிட்டது.
சீட் பெல்ட்டைக் கழற்றாமல்
பாதி வாக்கியத்தை எடுத்தார்.

"...வேலைநிறுத்தம். பதினோராம் நாள்
மறியல் வரிசையைத் தாண்டி உள்ளே போனேன்.
மகள் பிறந்து இரண்டு மாதம்.
கம்பெனி அடுத்த வருஷமே மூழ்கியது.
கருங்காலிகளின் பட்டியல் ஒன்று இன்னும் கைமாறுகிறது, பெர்கிட்.
என் பெயருக்கு அதில் எழுத்துப்பிழைகூட இல்லை.
இருபத்திரண்டு வருஷமாகியும்
சிலர் நான் இருக்கும் லிஃப்டில் ஏறுவதில்லை.
அதனால்
என் பேச்சைக் கேட்டு எதற்கும் போடாதே."

என்ன சொல்வது?
தொப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

இரவு மோட்டலில்
உறையைக் கிழித்தேன், எண்ணைச் சுரண்டினேன்.
ஃபோனில் ஒரு குரல், அவசரமே இல்லாத குரல்:
உங்கள் தேர்வு இதுதான் என்றால் ஒன்றை அழுத்தவும்.
"சரிபார்த்தேன்," என்று வாய்விட்டுச் சொன்னேன்,
செக்லிஸ்ட் பழக்கம்.
பிறகுதான் அழுத்தினேன்.

மறுநாள் திரும்பும் விமானம்.
ஏறிக்கொண்டிருக்கிறோம்.
"பத்தாயிரம்," என்றேன்.
இனிப் பேசலாம். அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
சூரியன் என் பக்கக் கண்ணாடியில் இருந்தது.

வெகுநேரம் கழித்து
காபி மூடியைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:
"அந்தக் கெல்லனுக்கு
ஒரு நல்ல பிரிண்டர் வாங்கிக் கொடுக்க வேண்டும்."